சுவரை நகர்த்தினால் வீடு பெரிதாகுமா? பார்ட்டட் என்ற கருவியின் கதை

கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் கைவிட்ட லேப்டாப், பதுளை டவுனில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் மெஷின், யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழைய கணினி. நம்ம பக்கத்து வீடுகள் பலவற்றுக்குள் கணினி இப்படித்தான் நுழைகிறது. கொஞ்ச நாளில் விண்டோஸ் இழுக்க ஆரம்பிக்கும். "லினக்ஸ் போடு, பறக்கும்" என்று யாராவது சொல்வாங்க. போடுவோம், பறக்கவும் செய்யும். ஆறு மாசத்தில் லினக்ஸுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பிவிடும். இடத்தைக் கூட்டுவது எப்படி என்று தேடினால் பல இடங்களில் கிடைப்பது ஒரே பதில்: பார்ட்டட் என்ற கட்டளையைத் திற, ரீசைஸ்பார்ட் என்று அடி, பிரிவின் எண்ணைக் கொடு, ஒரு அளவைக் கொடு.

இப்படி அடித்தவர்களுக்கு மூன்று விதமாக நடக்கலாம். சிலருக்கு எந்த மாற்றமும் தெரியாது, இடம் முன்பிருந்த அளவிலேயே நிற்கும். சிலருக்குக் கேட்ட அளவு ஒன்று, கிடைத்த அளவு இன்னொன்று. சிலருக்கு மறுநாள் கணினி திறக்கவே திறக்காது.

மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான், கருவி பழுதில்லை என்பதுதான் விசித்திரம். அது தன் கையேட்டில் எழுதியிருப்பதை அப்படியே செய்கிறது. "அளவை மாற்று" என்று நாம் சொல்லும்போது நம்ம மனசில் இருப்பதும் கருவி புரிந்துகொள்வதும் எப்போது தனித்தனி ஆயின என்று பார்க்க, 40 வருஷத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

ஆபீஸ் புத்தகமும் வீட்டுக் கணக்கும்

1983 மார்ச்சில் ஐபிஎம் நிறுவனம் பிசி எக்ஸ்டி என்ற கணினியை வெளியிட்டது. அதற்குள் 10 எம்பி வன்தட்டு இருந்தது. கூடவே வந்த டாஸ் 2.0 இல் எஃப்டிஸ்க் என்ற சின்ன கருவி. ஒரே வன்தட்டை நாலு பங்காகப் பிரித்து வைக்க அது வழி செய்தது.

அந்தப் பிரிப்பு எங்கே எழுதப்பட்டது தெரியுமா? வன்தட்டின் முதல் செக்டரில். ஒரு செக்டர் 512 பைட். அதற்குள் வெறும் 64 பைட் ஒதுக்கி, 16 பைட் வீதம் நாலு வரி. ஒவ்வொரு வரியிலும் பிரிவு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், என்ன வகை, அதிலிருந்து கணினி தொடங்கலாமா என்ற விவரம் மட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

நம்ம லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே சுவர் இருக்கும். வன்தட்டில் அப்படிச் சுவர் எதுவும் இல்லை. தோட்டத்து ஆபீஸில் ஒரு புத்தகம் இருக்கிறது, அதில் "இங்கேயிருந்து இதுவரை 1 ஆம் நம்பர், அதுக்குப் பிறகு 2 ஆம் நம்பர்" என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். அந்த எழுத்துதான் சுவர். இதைத்தான் பார்ட்டிஷன் டேபிள், பிரிவுப் பட்டியல் என்கிறோம்.

ஒவ்வொரு காம்பராவுக்குள்ளும் குடியிருக்கிற குடும்பம் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எந்தச் சாமான் எந்த மூலையில், எவ்வளவு இடம் காலி என்ற கணக்கு. இதுதான் கோப்பு முறைமை. அந்தக் கணக்கின் முதல் பக்கத்திலேயே "எங்க காம்பரா இவ்வளவு பெரிசு" என்றும் எழுதியிருக்கும். லினக்ஸில் பரவலாக இருக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் அந்தப் பக்கத்துக்கு சூப்பர்பிளாக் என்று பெயர்.

அதாவது, ஒரே இடத்தின் அளவு இரண்டு இடத்தில் பதிவாகியிருக்கிறது. ஆபீஸ் புத்தகத்தில் ஒன்று, வீட்டுக் கணக்கில் ஒன்று. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. இனி வரப்போகும் எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு சொல், இரண்டு வேலை

எஃப்டிஸ்க்கில் அளவை மாற்றும் வழி இல்லை. பிரிவை அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், உள்ளே இருந்ததை மறந்துவிட வேண்டும். 1991 இல் லினக்ஸ் வந்ததும் இது பெரிய தலைவலி ஆனது. முழு வன்தட்டையும் டாஸோ விண்டோஸோ பிடித்து வைத்திருக்கும். இருப்பதை இழக்காமல் லினக்ஸுக்கு ஒரு மூலை வேண்டும்.

முதலில் உதவிக்கு வந்தவற்றில் ஒன்று ஃபிப்ஸ், ஆர்னோ ஷேஃபர் எழுதிய இலவசக் கருவி. அதை ஓட்டும் முன் வன்தட்டில் சிதறிக் கிடக்கும் கோப்புகளை எல்லாம் முன்பக்கமாக ஒதுக்க வேண்டும். சாமானை ஒரு பக்கம் தள்ளி வைத்த பிறகு, காலியான பின்பாதியை வெட்டித் தனி வரியாக அது எழுதிக் கொடுக்கும். காசு இருந்தவர்கள் பவர்குவெஸ்ட் நிறுவனத்தின் பார்ட்டிஷன் மேஜிக் வாங்கினார்கள். அதில் படத்தைப் பார்த்து இழுத்தாலே போதும். 2003 இல் அந்த நிறுவனத்தை சைமன்டெக் வாங்கிக்கொண்டது.

இந்த இரண்டு உலகத்தையும் இணைக்கும் ஒரு சின்ன செய்தி உண்டு. லினக்ஸ் கோப்பு முறைமையின் அளவை மாற்ற இன்றைக்கும் நாம் பயன்படுத்தும் ரீசைஸ்2எஃப்எஸ் கருவியை எழுதியவர் தியோடர் சோ. 1998 இல் அதன் காப்புரிமை அவர் பெயரிலும் பவர்குவெஸ்ட் பெயரிலும் இருந்தது. 2000 ஏப்ரலில்தான் அது ஜிபிஎல் உரிமத்தின் கீழ் எல்லோருக்கும் திறந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில், ஆண்ட்ரூ கிளாசனும் லென்னர்ட் பாய்டென்ஹெக்கும் குனு திட்டத்துக்காகப் பார்ட்டட்டைத் தொடங்கினார்கள். அதில் ரீசைஸ் என்று ஒரு கட்டளை. அது ஆபீஸ் புத்தகத்தையும் திருத்தும், தனக்குத் தெரிந்த கோப்பு முறைமையாக இருந்தால் வீட்டுக் கணக்கையும் திருத்தும். சொல் ஒன்று, வேலை இரண்டு. கட்டளை வரியில் பழகியவர்கள் மனசில் "அளவை மாற்று" என்பதன் பொருள் இப்படித்தான் பதிந்தது. அந்தக் காலத்து வழிகாட்டிகளும் அப்படியே எழுதப்பட்டன. அவற்றில் பல இன்னும் அழியாமல் தேடலில் வந்து நிற்கின்றன.

2004: வரியில் இருந்த இரண்டாவது முகவரி

பட்டியலை மட்டும் தொட்டால் என்ன ஆகும் என்று உலகம் பெரிய அளவில் பார்த்தது 2004 மே மாதம், ஃபெடோரா கோர் 2 வெளியான சமயத்தில்.

பழைய பட்டியலில் ஒவ்வொரு பிரிவின் தொடக்கமும் முடிவும் இரண்டு முறையில் எழுதப்படும். ஒன்று நேரான செக்டர் எண். இன்னொன்று 1983 காலத்து முறை: எந்த சிலிண்டர், எந்த ஹெட், எந்த செக்டர். நவீன வன்தட்டுகளில் இந்த இரண்டாவது முறைக்கு உண்மையான பொருள் இல்லை. வன்தட்டில் 255 ஹெட் இருப்பதாக பயாஸ் சும்மா கணக்குச் சொல்லும், அவ்வளவுதான்.

லினக்ஸ் 2.6 கர்னல் வந்தபோது, பயாஸிடம் இந்தக் கற்பனைக் கணக்கைக் கேட்டு மற்ற கருவிகளுக்குச் சொல்லும் வேலையைக் கைவிட்டது. ஃபெடோராவின் நிறுவும் நிரல் பார்ட்டட்டின் நூலகத்தைத்தான் நம்பியிருந்தது. பார்ட்டட்டுக்கு வேறு ஹெட் கணக்கு கிடைத்தது, அதை வைத்து அது பட்டியலைத் திருத்தி எழுதியது. லினக்ஸ் நேரான எண்ணைப் பார்ப்பதால் அதற்கு ஒரு குறையும் தெரியவில்லை. விண்டோஸ் எக்ஸ்பி தொடங்கும்போது பழைய முகவரியைப் பார்த்தது. பலருடைய கணினியில் விண்டோஸ் எழும்பவே இல்லை.

பயந்துபோய் வன்தட்டை மொத்தமாக அழித்தவர்களுக்குத்தான் நிஜமான இழப்பு. உண்மையில் கோப்புகள் ஒன்றுகூடக் கெடவில்லை. எஸ்எஃப்டிஸ்க் கருவியால் பழைய 255 கணக்கில் பட்டியலைத் திரும்ப எழுதியதும் விண்டோஸ் எழுந்து வந்தது. ஆபீஸ் புத்தகத்தில் விலாசம் தப்பாக இருந்ததால் தபால் வரவில்லை, வீடு வீடாகவே இருந்தது.

2011: கட்டளை காணாமல் போகிறது

பார்ட்டட்டுக்குள் இருந்த கோப்பு முறைமைக் குறியீடு வருஷக்கணக்காகப் பழசாகிக்கொண்டே வந்தது. வெளியே எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 எல்லாம் புதிய வசதிகளோடு வளர்ந்தன. பார்ட்டட் அவற்றில் பலவற்றைக் கண்டதும் "எனக்குப் புரியாத அம்சம் இருக்கிறது" என்று நின்றுவிடும். ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும் அதை எழுதியவர்களே பராமரிக்கும் தனிக் கருவி இருக்கும்போது, இங்கே பாதி தெரிந்த பிரதி எதற்கு என்ற கேள்வி நியாயமானதே.

2011 மே மாத இறுதியில் வந்த பார்ட்டட் 3.0 இல் ரீசைஸ், மூவ் முதலான கட்டளைகள் மொத்தமாக நீக்கப்பட்டன. அதே வருஷம் செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே வன்தட்டில் பக்கத்துப் பக்கத்துப் பிரிவுகளில் வந்தன. தமிழ் படிக்கும் பிள்ளைகள் லட்சக்கணக்கில் முதல்முறையாகப் பிரிவு போட்ட வன்தட்டைக் கையில் வாங்கிய அதே வருஷத்தில், கட்டளை வரியில் அளவு மாற்றும் சொல் மறைந்துபோனது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் பழைய வழிகாட்டியும் புதிய கருவியும் ஒரே மேசையில் சந்திக்கும் காலம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நீக்கியதற்கு எதிர்ப்பு வந்தது. ஃபேட், எச்எஃப்எஸ் இரண்டுக்கும் வேறு சுதந்திர மென்பொருள் இல்லாததால், 3.1 இல் அவற்றுக்கான பகுதி மட்டும் தனி நூலகமாகத் திரும்பியது. கட்டளை திரும்பவில்லை. அடுத்த மூன்று வருஷம் பார்ட்டட்டில் அளவு மாற்ற வேண்டியவர்கள் செய்தது இதுதான்: பிரிவைப் பட்டியலில் இருந்து அழிப்பது, அதே தொடக்கத்தில் புது முடிவோடு திரும்பப் போடுவது. கேட்கவே நெஞ்சு படபடக்கும். ஆனால் தொடக்க எண் ஒரு செக்டர்கூட மாறாமல் இருந்தால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். மாறினால் போச்சு. பழைய கருவிகள் முதல் பிரிவை 63 ஆம் செக்டரில் தொடங்கின. புதியவை 2048 ஆம் செக்டரில், அதாவது சரியாக 1 மெபிபைட்டில் தொடங்குகின்றன. பழைய பிரிவை அழித்துவிட்டுப் புதிய கருவியின் இயல்பு எண்ணை அப்படியே ஏற்றுக்கொண்டால், சூப்பர்பிளாக்கைத் தேட வேண்டிய இடத்தில் வேறு எதுவோ இருக்கும்.

2014 ஜூலையில் 3.2 வெளியானது. ரீசைஸ்பார்ட் என்ற புதிய கட்டளை வந்தது. பெயர் பழசைப் போலவே இருக்கிறது. செய்வது பாதி வேலைதான்: பட்டியலில் முடிவு எண்ணை மட்டும் திருத்தும், கோப்பு முறைமையைத் தொடாது. கையேட்டில் அது தெளிவாகவே எழுதியிருக்கிறது. பழைய பழக்கத்தில் வருகிறவர்களுக்குத்தான் அது கண்ணில் படுவதில்லை.

இப்போது முதலில் சொன்ன மூன்றில் இரண்டு புரியும். பிரிவைக் கூட்டினால் ஆபீஸ் புத்தகத்தில் காம்பரா பெரிசாகிறது, வீட்டுக் கணக்கில் பழைய அளவே நிற்கிறது. அதனால் ஒன்றும் மாறாதது போலத் தெரிகிறது. ரீசைஸ்2எஃப்எஸ் ஓட்டினால் அதுவும் சரியாகிவிடும். குறைத்தால் கதை வேறு. வீட்டுக் கணக்கு "எனக்கு 100 ஜிபி" என்கிறது, புத்தகம் "உனக்கு 60தான்" என்கிறது. கடைசி 40 இல் இருந்த சாமான் எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. கணினி பாதியிலேயே நிற்கும்.

கோட்டையிலிருந்து எத்தனை கிலோமீட்டர்?

கேட்டதும் கிடைத்ததும் வேறாவது எப்படி? ரயில் பாதையை வைத்துச் சொன்னால் நமக்குச் சட்டென்று விளங்கும். பதுளை ஸ்டேஷன் ஏறத்தாழ 290 ஆவது கிலோமீட்டரில் இருக்கிறது என்றால், அது கொழும்பு கோட்டையிலிருந்து எண்ணிய தூரம். தெமோதரைக்கும் பதுளைக்கும் நடுவே உள்ள நீளம் இல்லை.

ரீசைஸ்பார்ட் கேட்கும் எண்ணும் இதே மாதிரிதான். அது பிரிவின் அளவைக் கேட்கவில்லை. வன்தட்டின் தொடக்கத்திலிருந்து எண்ணி, பிரிவு எங்கே முடிய வேண்டும் என்று கேட்கிறது. 250 ஜிபி வன்தட்டில் 2 ஆம் பிரிவு 100 இல் தொடங்கி 150 இல் முடிகிறது என்று வைப்போம். அளவு 50. இதை 120 ஜிபி ஆக்க ஆசைப்பட்டு 120 என்று கொடுத்தால், பிரிவு 120 ஆவது இடத்தில் முடியும். 50 ஆக இருந்தது 20 ஆகிவிடும். கொடுக்க வேண்டியது 220. குறைக்கும்போது தரவு போகலாம், தொடரவா என்று கருவி கேட்கும். "கூட்டத்தானே சொன்னேன், ஏன் குறைக்கிறதைப் பற்றிக் கேக்குது?" என்று கையை எடுக்க வேண்டிய இடம் அது. வாசிக்காமல் ஆமாம் போட்டால் அந்த நிமிஷமே எழுதிவிடும். எஃப்டிஸ்க்கில் கடைசியாக எழுது என்று சொல்லும்வரை எதுவும் வன்தட்டுக்குப் போகாது. பார்ட்டட்டில் அப்படிக் காத்திருப்பு கிடையாது.

அலகிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பார்ட்டட்டுக்கு ஜிபி என்றால் சரியாக 100 கோடி பைட். ரீசைஸ்2எஃப்எஸ்ஸுக்கு ஜி என்றால் 1,073,741,824 பைட். கோப்பு முறைமையை 40 ஜி ஆகக் குறைத்துவிட்டு, பிரிவையும் அதே நினைப்பில் 40 ஜிபி ஆக்கினால், இரண்டு தடவையும் அடித்தது 40தான். ஆனால் கிட்டத்தட்ட 295 கோடி பைட் வெளியே வெட்டுப்பட்டுவிடும்.

இன்னொன்று: 4 ஜிபி என்று கொடுத்தால் பார்ட்டட் அதைச் சுமாரான எண்ணாகத்தான் எடுத்துக்கொள்ளும். 500 எம்பி முன்னே பின்னே போகலாம் என்று அதன் கையேடே சொல்கிறது. பதிப்பு 2.4 முதல், கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட் அலகில் கொடுத்தால் மட்டும் துல்லியமாக எடுக்கும். செக்டர் எண்ணில் கொடுப்பது எல்லாவற்றையும் விடப் பத்திரம்.

பட்டியலில் இல்லாதவர்கள்

பட்டியலில் ஒரு வரி போனால் உள்ளே இருப்பது இல்லாமல் போய்விடுமா என்ற கேள்வி மலையகத்துக்காரருக்குப் புதுசு இல்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது நம்ம தாத்தா பாட்டிகள் மலையை விட்டு எங்கும் போகவில்லை. அடுத்த நாளும் கொழுந்து எடுத்தார்கள். புத்தகத்தில் மட்டும் நாட்டுக்காரர் இல்லை என்று ஆனார்கள், 1949 இல் வாக்காளர் இடாப்பும் கைவிட்டுப் போனது. பட்டியலைத் திருத்தும் அதிகாரம் வேறொரு இடத்தில் இருந்தது, வாழ்க்கை இங்கே இருந்தது. 2003 இல் வந்த சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. எப்போதிலிருந்து இங்கே இருக்கிறோம் என்று காட்டும் ஒரு பழைய காகிதத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று அந்தத் தலைமுறைக்குத் தெரியும்.

அந்தக் காகிதங்களின் போட்டோக்கள்தான் இன்றைக்கு நம்ம பழைய லேப்டாப்புகளில் இருக்கின்றன. ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே ட்ரங்க்குப் பெட்டியில் வைத்திருந்த பிறப்பத்தாட்சி, தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ், பாட்டியின் ஒரே போட்டோ. பெரும்பாலும் வேறு பிரதி இருக்காது. மேகக் கணினியில் வைக்க டேட்டாவுக்குக் காசு வேண்டும். அதனால் ஒரு கட்டளையின் பொருள் மாறிப்போன இந்தக் கதை, சர்வர் அறையில் வேலை பார்ப்பவர்களை விட நமக்குத்தான் அதிகம் தேவை.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எதையும் தொடும் முன் முக்கியமானவற்றை ஒரு பென் டிரைவில் எடுங்கள். பிறகு பார்ட்டட்டில் அலகை செக்டராக மாற்றிப் பட்டியலை அச்சிடச் சொல்லி, ஒவ்வொரு பிரிவின் தொடக்கத்தையும் முடிவையும் ஒரு கொப்பியில் பேனாவால் எழுதுங்கள். அந்தக் கணினியிலேயே சேமித்து வைப்பதில் பயனில்லை. கூட்டும்போது முதலில் ரீசைஸ்பார்ட், பிறகு ரீசைஸ்2எஃப்எஸ். குறைக்கும்போது வரிசை தலைகீழ்: யூஎஸ்பியில் இருந்து லினக்ஸைத் தொடங்கி, கோப்பு முறைமையைச் சோதித்து, வேண்டியதை விடக் கொஞ்சம் கூடுதலாகவே அதைச் சுருக்கி, அதன் பிறகு பிரிவின் முடிவை நகர்த்தி, கடைசியாக அளவு சொல்லாமல் ரீசைஸ்2எஃப்எஸ் ஓட்டி மிச்ச இடத்தை நிரப்புங்கள்.

ஏதாவது தப்பிப்போனாலும் உடனே வன்தட்டை அழித்துவிடாதீர்கள், பழுது பார்க்கும் கட்டளைகளையும் ஓட்டாதீர்கள், புதிதாக எதையும் எழுதாதீர்கள். கணினியை நிறுத்திவிட்டுக் கொப்பியைத் திறங்கள். பழைய தொடக்கத்தையும் பழைய முடிவையும் திரும்ப எழுதினால், 2004 இல் விண்டோஸ் எழுந்த மாதிரி, பெரும்பாலும் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். கொப்பியில் எழுதி வைக்காதவர்களுக்கு டெஸ்ட்டிஸ்க் என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. அது வன்தட்டு முழுக்க நடந்து, பட்டியலில் பெயர் இல்லாத பிரிவுகளைத் தேடிக் காட்டும். கொஞ்சம் நேரம் எடுக்கும், பொறுமையாக இருங்கள்.